எண்ணெய் போடாத கதவு

குஷன்காரர் வீட்டு இரும்புக் கதவுக்கு யாரும் எண்ணெய் போடக் கூடாது. எதிர்வீட்டுப் பூட்டுக்காரர் ஒருமுறை, இந்தச் சத்தத்தில் பல்லெல்லாம் கூசுகிறது என்று எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். குஷன்காரர் பாதி வழியிலேயே மறித்துக்கொண்டார்.

"விடுங்கண்ணே. அது பாட்டுக்குக் கத்திட்டுப் போகட்டும்."

"பூனை வாலை மிதிச்ச மாதிரி கத்துதேய்யா. எப்படித்தான் இந்த வீட்ல தூங்குற?"

"பழகிப்போச்சு. கத்தலைன்னாத்தான் எனக்குத் தூக்கம் வராது."

பூட்டுக்காரர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். கதவு இன்னொரு முறை கத்திச் சாத்திக்கொண்ட பிறகுதான் உள்ளே தையல் மெஷினின் மோட்டார் உறுமத் தொடங்கியது.

கதவுக்கும் பட்டறைக்கும் நடுவே சுவரை ஒட்டி நீளமாக ஒரு சந்து. ஒரு பக்கம் ஈரச் சுவர். மறுபக்கம் துணி உரிக்கப்பட்ட வண்டி இருக்கைகள், கம்பியும் துருவுமாக ஒன்றன்மேல் ஒன்று. கதவு கீச்சிட்டதும் மெஷினில் உட்கார்ந்திருக்கும் மனைவி மிதியிலிருந்து காலை எடுப்பாள். அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும் குஷன்காரர் கையைத் துண்டில் துடைத்தபடி வந்து அந்த நாற்காலியில் உட்காருவார். நாற்காலி அவளுடைய சூட்டோடு இருக்கும். அளவுநாடா அவள் கழுத்திலிருந்து அவர் கழுத்துக்கு மாறும். அவள் போய்க் கரண்டியை எடுத்துக்கொள்வாள். வந்தவர் சந்தைக் கடந்து தலையை நீட்டும்போது ஆண் மெஷினிலும் பெண் அடுப்பிலும் இருப்பார்கள். உலகம் அதனதன் இடத்தில் இருக்கும்.

இரண்டு பேரும் ஒரே சீட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அவள் தையல் கூடத்தில். அவர் சொல்யூஷன் தடவும் அறையில். நுரையைப் பலகையோடு ஒட்டுகிற பசை அது. சன்னல் இல்லாத அறை. முதலில் அவருக்கு விரல்நுனி மரத்தது, பிறகு விரல்கள், பிறகு மணிக்கட்டு வரைக்கும். தேநீர் சுடுகிறதா என்று உதட்டில் வைத்துத்தான் பார்ப்பார். சட்டைப் பொத்தானைக்கூடக் கண்ணால் பார்த்துத்தான் போட முடியும் என்று ஆனபோது தொழிற்சாலை அவரை வீட்டுக்கு அனுப்பியது. அப்போது அவள் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள். பழைய மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டுத் தைக்க உட்கார்ந்தாள்.

முதலில் வந்தவன் ஒரு லாரி ஓட்டுநர். அவளைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான். "பொம்பளைத் தையலா? மேட்டுல ஏறும்போது பிரிஞ்சுக்கும்" என்று போய்விட்டான். மறுநாள் மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க வந்தபோது, குஷன்காரர் மெஷினைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அண்ணன் இருக்கீங்களா, இதைச் சொல்லியிருக்கக் கூடாதா!" என்று அவன் அங்கேயே வேலையைக் கொடுத்தான். அன்றிலிருந்து கதவுக்கு எண்ணெய் கிடையாது.

அந்த மழைக்காலத்தில் வேலை ரொம்பவும் குறைந்துபோயிருந்தது. இருக்கைமேல் அப்படியே மாட்டிக்கொள்கிற உறைகள் கடைகளில் தொங்க ஆரம்பித்துவிட்டன. கிழிந்தால் தைக்கவேண்டியதில்லை, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். மிச்சம் இருந்த நம்பிக்கை பேருந்துக் கம்பெனியின் டிப்போ ஒன்றுதான். அங்கே எல்லா வண்டிகளுக்கும் இருக்கை மாற்றப் போகிறார்கள், வெளியாளிடம் கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. குஷன்காரர் இரண்டு தடவை போய் நின்றார். சூப்பர்வைசர் "பார்க்கலாம்" என்றார்.

குஷன்காரரின் அக்கா அடுத்த தெருவில் இருந்தாள். அவள் வீட்டில் டிவி அணைந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு பிற்பகல் மழையோடு கதவு கத்த, மனைவி எழ, அவர் உட்கார, அக்கா குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"தம்பி, முடி வெட்டிக்கோ. உன்னை டிவில காட்டப் போறாங்க."

"எதுக்கு? நான் எவனையாவது வெட்டிட்டேனா?"

"வாயைக் கழுவுடா. 'குடும்பத்தின் தூண்' நிகழ்ச்சிக்கு நான்தான் போன் போட்டேன். கை மரத்துப்போயும் மனுஷன் விடாம தைச்சு, பொண்டாட்டி புள்ளையைக் காப்பாத்துறான்னு சொன்னேன். அந்தப் பொண்ணு போன்லயே அழுதுட்டா."

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "அண்ணி, எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நல்லது செய்யறதுக்கு உத்தரவு வாங்கணுமா? டிப்போ டிப்போன்னு ரெண்டு பேரும் புலம்பறீங்க. டிவில மூஞ்சி வந்துட்டா அந்த சூப்பர்வைசர் தேடிட்டு வருவான். நேத்துகூட என் தொடர்ல பாரு, மூத்த மருமக நான் சம்பாதிக்கிறேன்னு கிளம்பினா. குடும்பம் என்னாச்சு? ரெண்டு துண்டாப் போச்சு. ஆம்பளை தலை நிமிர்ந்து நின்னாத்தான் வீடு நிக்கும்."

"உங்க தொடர்ல எங்களையும் சேர்த்துடுங்க அத்தை" என்றாள் குருவி. அவர்கள் மகள். ஒரு இடத்தில் உட்காராததால் அந்தப் பெயர்.

"உன் வாய்க்கு எவன் வரப் போறானோ" என்று அத்தை அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

கதவு கத்தி அடங்கியது. இருவரும் இடம் மாறவில்லை. அவர் மெஷினிலேயே உட்கார்ந்திருந்தார்.

"வேணாம்னு சொல்லிடலாமா, குருவிம்மா?"

அவள் கொஞ்ச நேரம் பாத்திரத்தைக் கிளறினாள். "டிப்போ வேலை வந்தா அடுப்பு எரியும். வரட்டும். ஆனா, ஏங்க... சாகறதுக்குள்ள ஒருவாட்டி, ஒருத்தர்கிட்டயாவது, இது என் கைன்னு சொல்லணும்."

"வேலை கைக்கு வந்துடட்டும். நானே சொல்றேன், ஊர் கேக்கச் சொல்றேன்."

"ஊரெல்லாம் வேணாம். ஒருத்தர் போதும்."

*

டிவிக்காரர்கள் வெயில் அடித்த ஒரு காலையில் வந்தார்கள். சிரித்த முகமாக ஒரு தொகுப்பாளினி, எல்லாரையும் ஏவுகிற ஒரு தொப்பிக்காரர், கேமராவோடு இரண்டு பேர். தொப்பிக்காரர் வீட்டைச் சுற்றி வந்தார். சன்னலுக்கு அவள் மிச்சத் துணியில் தைத்துப் போட்டிருந்த திரையைக் கழற்றச் சொன்னார். "ரொம்ப நல்லாருக்குக்கா, அதான் பிரச்சனை. சுவர்ல அந்த ஈரம் இருக்கு பாருங்க, அதை மட்டும் மறைக்காதீங்க."

அவளை அடுப்பின் முன் நிறுத்தினார்கள். அன்றைக்குச் சமைத்து இறக்கியாகிவிட்டது. காலிப் பாத்திரத்தைக் கிளறச் சொன்னார்கள். கிளறினாள். குருவியைத் தண்ணீர்ச் செம்போடு அப்பாவிடம் அனுப்பினார்கள்.

"பெரியவளானா என்ன ஆவே பாப்பா?"

"அம்மா மாதிரி தைப்பேன்."

"நிறுத்துங்க. பாப்பா, அம்மா தைக்கலையே, அப்பாதானே தைக்கிறார். டீச்சர் ஆவேன்னு சொல்லேன். பொண்ணுங்களுக்கு அது நல்லாருக்கும்."

குருவி அம்மாவைப் பார்த்தாள். அம்மா காலிப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கையை மட்டும் கிட்டத்தில் எடுக்கவேண்டும் என்றார்கள். குஷன்காரர் ரெக்சினை ஊசிக்கடியில் வைத்து மிதியை அழுத்தினார். தையல் குடிகாரன் நடை போலப் போயிற்று. "டென்ஷன் ஆகாதீங்க சார்." மறுபடியும் போயிற்று. மூன்றாவது தடவை ஊசி அவர் நகத்தை உரசிக்கொண்டு இறங்கியபோது, அடுப்படியிலிருந்து அவள் வந்துவிட்டாள்.

"எந்திரிங்க. நான் தைக்கிறேன்."

 தொப்பிக்காரர் அவள் கையைப் பார்த்தார். கட்டைவிரலில் தடித்துக் காய்த்த மேடு, நகக்கண்ணில் சுண்ணக்கட்டியின் வெள்ளை.

"அக்கா... எப்பவும் நீங்கதானா?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"ஆமா" என்றாள். வெளியாள் ஒருவரிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒருத்தர் போதும் என்று சொன்னாளே, அந்த ஒருத்தர் கிடைத்துவிட்டார்.

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கெட்ட மனிதர் இல்லை. "நான் உங்களைத் தப்பாச் சொல்லலக்கா. நிகழ்ச்சி பேரு தூண். தூண் மாறிடுச்சுன்னா நான் கூரையைக் கொண்டுபோய் எங்க வைப்பேன்? வீட்டு ஆம்பளை கிழங்கு உரிக்கிறதைக் காட்டினா அது சிரிப்பு நிகழ்ச்சியாயிடும். அதுவும் நல்லாத்தான் ஓடும். ஆனா இவரைப் பார்த்து ஊரே சிரிக்கும். பரவாயில்லையா, சொல்லுங்க. எடுத்துடறேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் துண்டு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். தொட்டால் தெரியாது, பார்த்தால்தான் தெரியும்.

"வேணாம்" என்றாள்.

அவருடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். அதில் வெங்காய வாசனை அடித்தது. வளையல்கள் லேசில் கழலவில்லை, சோப்புத் தடவவேண்டியிருந்தது. உட்கார்ந்தாள். மோட்டார் உறுமியது. கறுப்பு ரெக்சின் வாய்க்கால் நீர் மாதிரி ஊசிக்கடியில் ஓடி, மூலையில் நின்று, திரும்பி, மறுபடி ஓடியது. கேமராக்காரர் தன்னை மறந்து "அப்பா!" என்றார்.

அக்கா வீட்டில் தெருவே கூடி அதைப் பார்த்தது. திரை முழுக்க அந்தக் கைகள் தைத்தன. "பாருங்க, எங்கப்பா கை" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அச்சு அசல் எங்கப்பா கை. ரத்தம் எங்க போகும்?"

குருவி பொங்கி வந்த சிரிப்பை அடக்க முடியாமல் திணற, அம்மா அவள் தொடையில் கிள்ளினாள். தொகுப்பாளினியின் குரல், 'பின்னால் நின்று பசியாற்றும் துணைவி' என்றது. குருவியின் அம்மா திரையில் ஒரு நொடி வந்து காலிப் பாத்திரத்தைக் கிளறிவிட்டுப் போனாள். "ஆவியே வரலியே, அடுப்பை மூட்டலையா?" என்றார் பூட்டுக்காரர். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

*

அக்கா சொன்னபடியே டிப்போவிலிருந்து ஆள் வந்தது. மாதிரிக்கு ஒரு இருக்கையை அங்கே வந்து, எல்லோருக்கும் முன்னால் தைத்துக் காட்டவேண்டும்.

அவள் வீட்டிலேயே வெட்டி, ஒட்டி, மூன்று பக்கமும் தைத்து வைத்தாள். ஒரு பக்கம் மட்டும் மிச்சம். அதன்மேல் சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள்.

"ஒரே ஒரு நேர்க்கோடு. மெதுவா மிதிங்க. விரலை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க."

"எடுக்க மாட்டேன்."

"யார் கூப்பிட்டாலும்."

"நீ கூப்பிட்டாக்கூட எடுக்க மாட்டேன், போதுமா?"

டிப்போ வாசல்வரை அவளும் போனாள். "பட்டறைக்குள்ள பொம்பளைங்க போகக் கூடாதும்மா" என்று காவலாளி ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் உட்காரவில்லை. தகரக் கூரைக்கு அடியில் நின்றபடி உள்ளேயிருந்து வரும் சத்தங்களில் தையல் மோட்டாரைத் தேடிக்கொண்டிருந்தாள். கேட்டது. நிதானமாக, அவள் சொன்ன வேகத்தில் போனது. 'சரியாப் போறார்' என்று நினைத்தாள். பிறகு ஒரு சிரிப்புச் சத்தம். மோட்டார் நிற்கவில்லை. அப்புறம் யாரோ கத்தினார்கள்.

உள்ளே நடந்தது இதுதான். அவர் பாதிக் கோடு வரை ஒழுங்காகத் தைத்துவிட்டார். சூப்பர்வைசர் ஆசையோடு செல்போனை உயர்த்தி, "தூணே, இங்க பாருங்க! ஒரு சிரிப்பு!" என்றார். டிவியில் வந்த மனிதர் அல்லவா. அவர் நிமிர்ந்தார், சிரித்தார். ஊசி வலது ஆள்காட்டி விரலுக்குள் இறங்கியது. அவருக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே மிதியை அழுத்தினார். கறுப்பு ரெக்சினில் ரத்தமும் கறுப்பாகத்தான் தெரிந்தது. அது வழிந்து தரையில் சொட்டிய பிறகுதான் ஒரு மெக்கானிக் பார்த்துக் கத்தினார். ஊசி எலும்பில் முறிந்து நின்றிருந்தது.

அந்தப் படம் போன் போனாகப் பரவியது. 'வலியிலும் சிரிக்கும் தொழிலாளி' என்று யாரோ தலைப்புப் போட்டிருந்தார்கள். "இந்த மாதிரி ஆளுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பேன்?" என்று சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கே வந்து சொன்னார். வேலை கிடைத்துவிட்டது. விரலில் சீழ் வைத்தது. வலி தெரியாததால் அதையும் தாமதமாகத்தான் பார்த்தார்கள். பாதி விரலை எடுக்கவேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் கட்டுப் போட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லவேளை, இது நம்ம வீட்ல வேலைக்கு ஆகாத கைதான்" என்றார். அவள் சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

*

டிவிக்காரர்கள் மறுபடி வந்தார்கள், இந்தத் தடவை தாங்களாகவே. தூண் காயப்பட்டால் குடும்பம் என்ன செய்கிறது என்று காட்டவேண்டுமாம். கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்ததும் குஷன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். தன் வாக்கை அவர் மறக்கவில்லை.

"நான் ஒரு உண்மையைச் சொல்லணும். நான் தைக்கிறவன் இல்ல. எனக்குத் தைக்கவே தெரியாது. ஆரம்பத்துலேருந்து தைச்சது என் வீட்டுக்காரிதான். நீங்க டிவில காட்டினது அவ கை. என் சட்டை, அவ கை. நான் சமைக்கிறேன், பாத்திரம் கழுவுறேன், புள்ளைக்குத் தலை பின்னுறேன். அவ உழைப்புல சாப்பிடுறேன். கேட் கத்தினா ஓடி வந்து அவ நாற்காலியில உக்காந்துக்குவேன். அவ்வளவுதான் நான்."

சொல்லி முடித்ததும் வேர்த்துவிட்டது. மெஷினுக்கு அருகில் நின்ற அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஊர் கேட்கச் சொல்லிவிட்டார்.

தொகுப்பாளினியின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அவள் கேமராவைப் பார்த்துத் திரும்பினாள். "பார்த்தீங்களா நேயர்களே! தன் உழைப்பு முழுவதையும் மனைவியின் காலடியில் வைக்கிறார். எத்தனை ஆண்களுக்கு இந்த மனசு வரும்?"

"இல்லம்மா, நான் நிஜமாவே சொல்றேன்..."

"தெரியும் சார். நீங்க இப்படித்தான் சொல்வீங்க."

தொப்பிக்காரருக்குத் தெரியும். மெஷினருகே நின்றவள் அவர் கண்ணைத் தேடினாள். அவர் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கொஞ்சம் கழித்துப் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "இப்ப உங்களையும் காட்டுறோம்க்கா. மெஷின்ல உக்காந்து, முகத்தோடயே. அவருக்காக நீங்க தையல் கத்துக்கிறீங்க. புதுசா. அதனால கொஞ்சம் கோணலாத் தைங்க."

"கோணலாவா?"

"முதல் நாள்தானே. நேரா வந்தா யாரு நம்புவா?"

"நான் முடியாதுன்னு சொன்னா?"

"சொல்லலாம்க்கா. ஆனா டிப்போக்காரங்க இதைப் பார்த்துட்டுத்தான் வேலையை உங்ககிட்டயே விடுறதான்னு முடிவு பண்ணுவாங்களாம். சூப்பர்வைசர் என்கிட்டயே கேட்டார்."

அவள் உட்கார்ந்தாள். கோணலாகத் தைக்கப் பார்த்தாள். கை கேட்கவில்லை. துணியை இழுத்தால் மறு கை தானாக அதைச் சரிசெய்தது. கண்ணை மூடிக்கொண்டு தைத்தாள். அப்போதும் கோடு போட்டதுபோலத்தான் போனது. "இன்னொருவாட்டிக்கா." கடைசியில் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தையல் ஓரத்தை விட்டு விலகி, எங்கெங்கோ அலைந்து, நுரையை வெளியே காட்டிக்கொண்டு நின்றது. "பிரமாதம்!" என்றார்கள். கணவர் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டார்.

அவர்கள் போன பிறகு அந்தத் தையலை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்தாள். ரெக்சினில் ஒருமுறை விழுந்த ஓட்டை மூடாது. பிரித்த பிறகும் அந்தக் கோணல் வழி புள்ளிபுள்ளியாகத் தெரிந்தது.

டிவியில் வந்தபோது அக்கா கேவிக் கேவி அழுதாள். "கட்டினவளை எவன்டி இப்படித் தூக்கி வச்சுப் பேசுவான்? நீ குடுத்து வச்சவ. பாரு, உனக்கு ஒரு கோடுகூட ஒழுங்கா வரல. அவன் பொறுமையாச் சொல்லிக் குடுப்பான், கத்துக்கோ." தெருவில் பெண்கள் தங்கள் கணவர்களிடம் குஷன்காரரைக் காட்டிச் சண்டை போட்டார்கள். குஷன்காரர் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

"சொன்னேனே, குருவிம்மா. ஒண்ணுவிடாம சொன்னேனே."

"சொன்னீங்க."

"ஏன் யாருக்கும் கேக்கல?"

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "கேட்டுச்சு. எல்லாருக்கும் கேட்டுச்சு. ஆனா சொன்னது நீங்க. அதனால உங்க பெருமைதான் கேட்டுச்சு."

பிறகு எழுந்தாள். மெஷினுக்குப் போடும் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு சந்து வழியாக நடந்தாள். கதவின் மேல் கீலில் ஊற்றினாள், கீழ்க் கீலில் ஊற்றினாள். துருக் கலந்த எண்ணெய் கறுப்பாக வழிந்தது. கதவைத் திறந்து, சாத்தி, திறந்து, சத்தம் முழுவதும் போகிறவரை ஆட்டிக்கொண்டே நின்றாள். எதிர்வீட்டிலிருந்து பூட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

மறுநாள் சூப்பர்வைசர் வந்தது யாருக்கும் தெரியவில்லை. அவர் சந்தைக் கடந்து தலையை நீட்டியபோது அவள் மெஷினில் இருந்தாள். கணவர் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, இடது கையால் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுந்திருக்க நேரமில்லை. அவள் எழுந்திருக்கவில்லை.

சூப்பர்வைசர் குனிந்து தையலைப் பார்த்தார். "அட! அன்னைக்கு டிவில அப்படிக் கோணிச்சு, அதுக்குள்ள அளவு பிடிச்ச மாதிரி வருதே!" அடுப்படிப் பக்கம் திரும்பினார். "தூணே, பெரிய ஆளுய்யா நீங்க. ஒத்தைக் கையோட உக்காந்து ஒரு பொம்பளைக்கு இவ்வளவு சீக்கிரம் சொல்லிக் குடுத்துட்டீங்களே."

குஷன்காரர் வாயைத் திறந்தார். அவள் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"வேலை உங்களுக்குத்தான், கவலை வேண்டாம். கூலி மட்டும், கத்துக்கிற கைக்கு என்னவோ அதுதான். கம்பெனியில அப்படித்தான் விதி. கை நல்லாப் பழகட்டும், அப்புறம் பார்க்கலாம். சரியாம்மா?"

"சரிங்க" என்றாள்.

அவர் துணிக்கட்டை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார். பள்ளிக்கூடம் விட்டு வந்த குருவி சந்தில் எதிரே வந்தாள். சூப்பர்வைசர் கதவை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

"இது முன்னாடி ஊளையிடுமே. எண்ணெய் போட்டாச்சா? இந்த நிலைமையிலயும் அப்பா எப்படி வீட்டைப் பார்த்துக்கிறார், பாரு."

"அம்மா போட்டது" என்றாள் குருவி. "தைக்கிறதும் அம்மாதான். எப்பவுமே அம்மாதான்."

சூப்பர்வைசர் சிரித்து அவள் தலையைத் தடவினார். "அப்பா புள்ளைதான் நீ. அவரை மாதிரியே அம்மாவை விட்டுக்குடுக்க மாட்டேங்கிறே."

அவர் போனார். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. உள்ளே மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.